ஒரு ஜாப் கார்டு, மூன்று தணிக்கை

பாபநாசத்து அருவியின் விசையைக் கொண்டு ஹார்வி சகோதரர்கள் 1880-களில் நூற்பாலை ஓட்டத் தொடங்கிய காலம் தொட்டே தாமிரபரணிப் படுகையில் ஆலைகள் உண்டு. தாழையூத்தில் 1949 முதல் சிமெண்ட். இன்று கங்கைகொண்டான் சிப்காட்டில் டயர், சோலார் பேனல். எந்த ஆலையானாலும், மெயின்டனன்ஸ் பிரிவைத் தணிக்கை செய்யப் போகிறவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். தரத்துக்கு ஐஎஸ்ஓ 9001, சுற்றுச்சூழலுக்கு 14001, பாதுகாப்புக்கு 45001 என்று மூன்று கோப்புகளைத் தனித்தனியே திறக்காதீர்கள். முடிந்துபோன ஒரு வேலையை எடுத்து, அதன் பின்னாலேயே போங்கள். மூன்று தரநிலைகளிலும் உள்தணிக்கைக்கான பிரிவு 9.2 தான்; சேர்த்துப் பார்க்க வசதியாகவே அவை அமைந்திருக்கின்றன.

நம் பக்கத்துக்கு ஏற்ற காலம் ஆவணி, புரட்டாசி. ஆடிக்காற்று ஓய்ந்திருக்கும், ஐப்பசி மழைக்குள் குறைகளைச் சரிசெய்ய அவகாசமும் இருக்கும்.

1. வேலையை நீங்களே தேர்ந்தெடுங்கள்

பிரிவுத் தலைவர் எடுத்து நீட்டும் ஜாப் கார்டை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிரேக்டவுன் பதிவேட்டைக் கேளுங்கள். இரவு ஷிஃப்டிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ, கான்ட்ராக்ட் ஆட்கள் செய்த வேலையாக இருந்தால் நல்லது. கன்வேயர் கியர்பாக்ஸில் ஆயில் சீல் மாற்றியது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தை நிறுத்திப் பூட்டவேண்டும், எண்ணெய் வடிக்கவேண்டும், பாரம் தூக்கவேண்டும், திரும்பச் சரியாகப் பொருத்தவேண்டும். மூன்று தரநிலைகளும் இந்த ஒரே வேலைக்குள் அடங்கிவிடும்.

2. நேரங்களை ஒத்துப்பாருங்கள்

ஜாப் கார்டு, பெர்மிட், ஸ்டோர்ஸ் சீட்டு, ஷிஃப்ட் லாக் புக் நான்கையும் மேசையில் பரப்புங்கள். பெர்மிட்டில் கையெழுத்து பத்து மணிக்கு. லாக் புக்கில் கியர்பாக்ஸ் மூடியைக் கழற்றியது எட்டரைக்கு என்றால், அந்தப் பெர்மிட் வேலை தொடங்கிய பிறகு எழுதியது. அப்போதே யாரையும் குற்றம் சொல்லவேண்டாம். குறித்துக்கொண்டு தளத்துக்கு நடங்கள்.

3. பூட்டையும் சாவியையும் பாருங்கள்

தணிக்கையில் அதிக நேரம் இங்கேதான் செலவாக வேண்டும். அலுவலகத்தில் வைத்துக் கேட்காமல், மோட்டாரின் சுவிட்ச் போர்டு முன்னால் நின்று ஃபிட்டரிடம் கேளுங்கள்: “அண்ணாச்சி, வேலை நடக்கும்போது இந்தப் பூட்டுச் சாவி யார்ட்ட இருக்கும்?”

“ஃபோர்மேன் சார்ட்ட இருக்கும்” என்று பதில் வந்தால் அது பெரிய குறை. கன்வேயருக்குள் கை வைக்கிறவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பூட்டு வேண்டும். சாவி அவரவர் சட்டைப்பையில் இருக்கவேண்டும். கான்ட்ராக்ட் ஹெல்பருக்கும் அதே விதிதான். அவரிடம் பூட்டே கொடுக்கப்படவில்லை என்றால், மற்ற எந்தக் குறையையும்விட முன்னால் அதை எழுதுங்கள்.

அடுத்தது, வேலை பாதியில் நிற்கும்போது ஷிஃப்ட் மாறினால் என்ன நடக்கிறது? 1988 ஜூலை 6 அன்று, வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். அந்தச் செய்தி அடுத்த ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. பம்பை ஓட்டினார்கள், 167 பேர் மாண்டார்கள். ஆகவே ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அங்கேயே நில்லுங்கள். பாதியில் நிற்கும் வேலையை வருகிறவரிடம் இயந்திரத்தின் அருகில் நின்று காட்டிக் கொடுக்கிறார்களா, லாக் புக்கில் ஒரு வரியோடு விடுகிறார்களா என்பதைக் கண்ணால் பாருங்கள்.

செயின் பிளாக்கையும் விடாதீர்கள். பாரம் தூக்கும் கருவிகளை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியானவர் சோதிக்கவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. சான்றிதழில் உள்ள எண்ணும் கொக்கியில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா?

4. வேலையின் தரம்

கையேடு விஜி 320 எண்ணெய் கேட்கும்போது ஸ்டோர்ஸ் சீட்டில் 220 இருக்கிறதா? அலைன்மென்ட் பார்த்த டயல் கேஜின் கேலிபரேஷன் தேதி தாண்டிவிட்டதா? அதே சீல் ஓராண்டில் எத்தனை முறை போயிருக்கிறது? அடிக்கடி போனால் சீலை மாற்றி மாற்றிப் பயனில்லை, ஷாஃப்டைப் பார்க்கவேண்டும்.

5. வடித்த எண்ணெய் எங்கே?

எத்தனை லிட்டர் வடித்தார்கள், எத்தனை லிட்டர் வேஸ்ட் ஆயில் பதிவேட்டில் ஏறியது என்று கணக்குப் பாருங்கள். கணக்கு உதைத்தால் மீதி எண்ணெய் வடிகாலுக்கோ வெளியாள் கேனுக்கோ போயிருக்கலாம். 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி பொதுவாக 90 நாளுக்கு மேல் அதைத் தேக்கிவைக்கக் கூடாது. அனுமதி பெற்றவரிடமே, உரிய போக்குவரத்துச் சீட்டோடு அனுப்பவேண்டும். எண்ணெய் துடைத்த காட்டன் வேஸ்ட் எந்தத் தொட்டியில் கிடக்கிறது என்பதையும் பாருங்கள்.

பேரல் கொட்டகையில் மழையை நினைத்துக்கொண்டு நில்லுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி நெல்லைக்குள் புகுந்தது. கொட்டகைத் தரை எந்த மட்டத்தில் இருக்கிறது, தடுப்புச் சுவரின் வடிகால் வால்வு மூடியிருக்கிறதா, பேரல் மிதந்தால் எந்த ஓடைக்குப் போகும் என்று கேளுங்கள். சிற்றாறும் ஓடைகளும் சேரும் இதே ஆற்றைத்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன.

6. எழுதுவதும் முடிப்பதும்

ஒவ்வொரு குறைக்கும் மூன்று வரி போதும்: விதி என்ன கேட்கிறது, நீங்கள் கண்டது என்ன, அதற்குச் சான்று எது. “பாதுகாப்பு போதாது” என்று எழுதினால் யாராலும் எதையும் திருத்த முடியாது. “கன்வேயரில் வேலை செய்த நால்வரில் இருவரிடம் சொந்தப் பூட்டு இல்லை” என்றால் மறுநாளே திருத்தலாம்.

காரணம் என்ற இடத்தில் “ஊழியரின் கவனக்குறைவு” என்று வந்தால் ஏற்காதீர்கள்; ஸ்டோர்ஸில் பூட்டு இருந்ததா என்று திருப்பிக் கேளுங்கள். “பயிற்சி அளிக்கப்பட்டது” என்ற கையெழுத்துத் தாளை வாங்கிக்கொண்டு குறையை முடித்துவிடவும் வேண்டாம். இரண்டு மாதம் கழித்து, வேறு ஷிஃப்டில், வேறு கான்ட்ராக்டரின் ஆட்கள் செய்த இதே மாதிரி வேலை ஒன்றின் ஜாப் கார்டை எடுங்கள். அதில் நேரங்கள் பொருந்தி, சாவிகள் உரியவர் பையில் இருந்து, லிட்டர் கணக்கும் சரியாக வந்தால் அன்றைக்குக் கையெழுத்துப் போடுங்கள்.