மானியமில்லாத மலிவு

வீட்டு மின்செலவைக் குறைக்க அரசு என்ன சலுகை தரும் என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். அதற்கு உஜாலா திட்டத்தின் கணக்கு நமக்கு ஒரு நல்ல பாடம்.

2015 ஜனவரியில் தொடங்கிய இத்திட்டத்துக்காக, மத்திய அரசு சார்ந்த ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் எல்.இ.டி. பல்புகளை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. 2014-ல் ஒரு பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாய். 2016-ல் 38 ரூபாய். இதற்கு மானியம் தரப்படவில்லை. உலகச் சந்தையில் விலை இறங்கியதும் ஒரு காரணம். கோடிக்கணக்கான ஆர்டரும் போட்டி டெண்டரும் மற்றொரு காரணம்.

நூல் ஒரு மூட்டைக்கு ஒரு விலை, லோடுக்கு ஒரு விலை என்பது முதலிபாளையத்து வியாபாரிகளுக்குத் தெரியாததா? தெரிந்தும் நம் வீட்டுக்கு வாங்கும்போது தனித்தனியே போய்ச் சில்லறை விலை கொடுக்கிறோம். இது நம் தவறே.

இப்போது மின்விசிறியைப் பார்ப்போம். பழைய விசிறிக்குச் சுமார் 75 வாட், பி.எல்.டி.சி. விசிறிக்குச் சுமார் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் விசிறிக்கு 32 யூனிட் மிச்சம். நான்கு விசிறிக்கு ஏறக்குறைய 130 யூனிட்.

ஆகவே உறுப்பினர்களின் தேவையை ஒரே பட்டியலாக்கி, மூன்று கம்பெனிகளிடம் விலைப்புள்ளி கேட்போம். நட்சத்திரக் குறியையும் வாரண்டியையும் பார்த்து எடுப்போம். மானியம் வரும்போது வரட்டும். மொத்தக் கொள்முதல் நம் கையிலேயே இருக்கிறது.