கார்டைக் காட்டினாலே பணம் போகுதே, யாராவது காப்பி அடிச்சுட்டா?



அம்பத்தூர்ல மளிகைக் கடை, ஆவடியில பெட்ரோல் பங்க், எங்க போனாலும் கார்டை மெஷின் கிட்ட காட்டினா போதும். 2021 ஜனவரியிலிருந்து ரூ.5,000 வரைக்கும் பின் நம்பரே வேண்டாம். "காத்துல போற தகவலைப் பிடிச்சு டூப்ளிகேட் கார்டு போட்டுட்டா?" நியாயமான பயம்தான்.

சாவி வெளியே வராது

ஒவ்வொரு தடவையும் கார்டு சிப், உள்ளே இருக்கிற ரகசிய சாவியை வச்சு அந்தப் பரிவர்த்தனைக்கு மட்டும் ஒரு குறியீடு போடுது. அதைப் பிடிச்சாலும் மறுபடி செல்லாது. சாவி காத்துல போகவே போகாது.

சரி, சிப்பைப் பிரிச்சு சாவியை எடுத்துட்டா? அதுக்குத்தான் 'பஃப்'னு ஒரு டெக்னாலஜி.

சிப்போட கைரேகை

அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரே சிஎன்சி மெஷின்ல, ஒரே டிராயிங்குக்கு ஓடின ரெண்டு பீஸை மைக்ரோமீட்டர்ல அளந்து பாருங்க. ரெண்டும் டாலரன்ஸுக்குள்ள இருக்கும், ஆனா அச்சு அசலா ஒண்ணா இருக்காது. சிப்பும் அப்படித்தான். கரண்ட் வந்ததும் மெமரியோட ஒவ்வொரு செல்லும் தன் நுண்ணிய வித்தியாசத்துக்கு ஏத்த மாதிரி 0 அல்லது 1-ல நிக்கும். அந்த வரிசை சிப்புக்கு சிப் மாறும், ஆனா அதே சிப்புல கிட்டத்தட்ட அப்படியே திரும்ப வரும். சின்னப் பிழைகளைத் திருத்தி அதிலிருந்து ஒரு சாவி உருவாக்குவாங்க. பேங்க் போட்ட சாவியை இந்தச் சாவியால பூட்டி வைக்கலாம். கரண்ட் போனதும் இந்தச் சாவி காணாமப் போயிடும். தயாரிச்ச கம்பெனியாலயே இன்னொண்ணு செய்ய முடியாது.

2002-ல எம்ஐடியில இதை சிலிக்கான் சிப்புல செஞ்சு காட்டின குழுவுல ஒருத்தர் ஸ்ரீனிவாஸ் தேவதாஸ். 1985-ல நம்ம ஐஐடி மெட்ராஸ்ல பி.டெக் முடிச்சவர்! 2013-ல என்எக்ஸ்பி நிறுவனம் தன் ஸ்மார்ட் கார்டு சிப்புல இதைச் சேர்க்கிறதா அறிவிச்சது. எல்லா கார்டுலயும் இது இருக்காது, ஆனா ஒருமுறைக் குறியீடு இருக்கும்.

அப்போ ரிஸ்க் எங்கே?

கார்டு தொலைஞ்சா, எடுத்தவன் பின் இல்லாமலே மெஷின்ல காட்டலாம். ஓடிபியை நீங்களே சொன்னா எந்த சிப்பும் காப்பாத்தாது. அதனால:

1. பேங்க் ஆப்ல கான்டாக்ட்லெஸ் லிமிட்டைக் குறைங்க, தேவையில்லைன்னா ஆஃப் பண்ணுங்க.
2. கார்டு காணோம்னா உடனே பிளாக் பண்ணுங்க. ரிசர்வ் வங்கியோட 2017 விதிப்படி, உங்க கவனக்குறைவால ஆன நஷ்டம், பேங்குக்குச் சொல்ற வரைக்கும் உங்களோடது. சொன்னதுக்கு அப்புறம் ஆனது பேங்கோடது.
3. மோசடின்னா 1930-க்கு போன் பண்ணுங்க.

லிமிட் மாத்த ரெண்டு நிமிஷம்தான் ஆகும். இப்பவே ஆப்பைத் திறங்க.