ஆயிரம் பேரில் வரும் ஒரே ஆள்

மங்கலத்தில் தறிக்குடோன் நடத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள் இன்று பிளாக்செயின் கற்கிறீர்கள். அதைக் காக்கவும் கற்றுக்கொள்ளுங்கள், கண்ணுகளா.

1. திறந்த வலையில் பேர் வைக்கக் காசு வேண்டாம். ஒரே ஆள் ராத்திரிக்குள் பத்தாயிரம் முகவரி உண்டாக்குவான். "முகவரிக்கு ஒரு ஓட்டு" என்று விதி எழுதினால் வலை அன்றைக்கே அவன் கைக்குப் போய்விடும். சிபில் தாக்குதல் என்பது இதுதான். அடையாளத்தை உறுதிசெய்யும் மைய அமைப்பு இல்லாத இடத்தில் நடைமுறையில் இதை முழுக்கத் தடுக்க முடியாது என்று 2002லேயே மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் ஜான் டூசர் காட்டிவிட்டார்.

2. ஆகவே ஓட்டுக்கு விலை வையுங்கள். பிட்காயினில் அந்த விலை மின்சாரமும் எந்திரமும். எத்தீரியத்தில் 2022 செப்டம்பரிலிருந்து பிணையாகக் கட்டும் ஈத்தர். பிளாக்குகளைச் சரிபார்த்து ஓட்டுப் போடும் ஒரு வாலிடேட்டருக்குக் குறைந்தது 32 ஈத்தர் கட்ட வேண்டும். ஏமாற்றினால் அதில் வெட்டு விழும்.

3. சின்னச் சங்கிலிகளுக்கு இந்த விலையும் காவல் ஆகாது. கணினித் திறன் வாடகைக்குக் கிடைக்கிறது; வலையின் திறனில் பாதிக்கு மேல் பிடித்தவன் நடந்த கொடுக்கல்வாங்கலையே மாற்றி எழுதிவிடலாம். எத்தீரியம் கிளாசிக் 2020 ஆகஸ்டில் மட்டும் மூன்று முறை அடிவாங்கியது. அப்படிப்பட்ட சங்கிலியில் பணம் வந்ததாகத் தெரிந்தாலும், மேலே பல பிளாக்குகள் சேரும்வரை சரக்கை விடாதீர்கள்.

4. உங்கள் நோடு, அதாவது வலையில் சேர்ந்த உங்கள் கணினி, பேசும் அண்டை நோடுகள் எல்லாம் ஒருவனுடையதாக இருந்தால், அவன் காட்டுவதுதான் உங்களுக்கு உலகம். பிட்காயின் நோடுகளை இப்படிச் சூழ்ந்து மறைக்க முடியும் என்று 2015ல் ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். இணைப்புகளை வெவ்வேறு வலையமைப்புகளில் பரப்பி வையுங்கள்.

5. கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்குங்கள். ரோனின் என்ற பிளாக்செயின் வலையில் 2022ல் வாலிடேட்டர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். பணம் எடுக்க ஐந்து கையெழுத்து போதுமாக இருந்தது. அதில் நான்கு ஒரே நிறுவனத்திடம் இருந்தன. ஐந்தாவதற்கு அந்த நிறுவனத்துக்குத் தற்காலிகமாகத் தந்த அனுமதியை, வேலை முடிந்த பிறகும் யாரும் ரத்து செய்யவில்லை. 2022 மார்ச்சில் திருடர்களுக்கு அந்த ஒரு நிறுவனமே போதுமாக இருந்தது: 60 கோடி டாலருக்கு மேல் போயிற்று. ஆறு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒன்பது பேர் என்று எழுதியிருந்தார்கள், நிஜத்தில் அத்தனை பேர் இல்லை.

6. நம் துணித் தொழிலுக்கு வருவோம். இங்கே நீங்கள் கட்டப்போவது பெரும்பாலும் உறுப்பினர் மட்டும் நுழையும் சங்கிலியாக இருக்கும்: ஜின்னிங், ஸ்பின்னிங், நிட்டிங், சாயம், ஏற்றுமதி. அதில் போலி முகவரி வராது. பதிவுபெற்ற கம்பெனி வரும். தன் பேரில் ஒன்று, மனைவி பேரில் ஒன்று, மச்சான் பேரில் ஒன்று, மகன் பேரில் ஒன்று வைப்பது இந்த ஊரில் சாதாரணம், தப்பும் இல்லை. ஆனால் நாலு கம்பெனிக்கும் முதலாளி ஒருவர் என்றால் ஓட்டும் ஒன்றுதான். ஜிஎஸ்டி எண், பான், வங்கிக் கணக்கு, கட்டட முகவரி எல்லாவற்றையும் ஒத்துப்பார்த்த பிறகே சேருங்கள்.

7. 2020 அக்டோபரில் வந்த செய்தியை ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்தி, பொய்ச் சான்றிதழோடு ஆர்கானிக் என்று ஓடியிருந்ததை, ஆர்கானிக் துணிக்குத் தரவிதி வகுக்கும் காட்ஸ் அமைப்பு கண்டுபிடித்தது. மத்திய அரசின் விவசாயப் பொருள் ஏற்றுமதி ஆணையமான அபீடாவின் தளத்தைப் போலவே ஒரு போலித் தளம் கட்டியிருந்தார்கள். சான்றிதழில் இருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அங்கே போய் நின்றது. சரிபார்த்தவர்கள் சரிபார்த்தார்கள், பொய்யோடு பொய்யை. இப்படிப்பட்ட சான்றிதழை பிளாக்செயினில் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அழியாத பொய்யாக நின்றிருக்கும். உள்ளே போனதை மாற்றவிடாமல் காப்பது சங்கிலியின் வேலை. போவது மெய்யா என்று பார்ப்பது உங்கள் வேலை. இந்தியப் பருத்தியின் பிராண்டான கஸ்தூரி காட்டனுக்கு பேல் பேலாக பிளாக்செயின் தடம் வைக்கும் இந்த நாளில் இது இன்னும் முக்கியம்.

8. எனவே கோடு எழுத உட்காரும் முன் ஒரு ஜின்னிங் ஆலைக்குப் போங்கள். பேலில் டேக் ஒட்டுவது யார், எடை எழுதுவது யார், அவருக்குச் சம்பளம் தருவது யார் என்று நேரில் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.