ரயில் மோதாது என்று நிரூபிக்க முடியுமா?

மாணவர்களே, சிங்கப்பூரின் வடகிழக்குத் தடத்தில் 2003ஆம் ஆண்டு முதல் ஓட்டுநர் இல்லாத பெருவிரைவு ரயில்கள் ஓடுகின்றன. வேகத்தைக் கூட்டுவது, பிரேக் போடுவது, நிலையத்தில் சரியான இடத்தில் நிற்பது எல்லாமே கணினியின் வேலை. நீங்களும் அதில் பயமில்லாமல் ஏறி இறங்குகிறீர்கள். ஆனால் அந்தக் கணினி எந்தச் சூழ்நிலையிலும் தவறான முடிவு எடுக்காது என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

"பல முறை ஓட்டிப் பார்த்தோம், மோதவில்லை" என்று சொன்னால் போதுமா? இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள். ஏதாவது ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41ஐயும் கூட்டுங்கள். 1 என்றால் விடை 43. 2 என்றால் 47. 3 என்றால் 53. எல்லாம் பகா எண்கள். 0 முதல் 39 வரை 40 முறையும் பகா எண்ணே வரும். ஆனால் 40ஐ எடுத்தால் வருவது 1681. அது 41 × 41. பகா எண் அல்ல!

நாற்பது சோதனைகளில் தேறிய விதி நாற்பத்தொன்றாவதில் தோற்றது. ஆகவே சோதனை வேறு, நிரூபணம் வேறு.

பிரேக் கணக்கு

இப்போது ரயிலுக்கு வருவோம். முன்னால் ஒரு ரயில் நிற்கிறது. நம் ரயில் பின்னால் வருகிறது. பிரேக் போட்டால் நம் ரயிலின் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 1 மீட்டர் என்ற அளவில் குறையும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ரயில் நிற்பதற்குத் தேவையான தூரம், வேகத்தின் வர்க்கத்தில் பாதி. வேகம் வினாடிக்கு 20 மீட்டர் என்றால் 200 மீட்டர் வேண்டும். 10 மீட்டர் என்றால் 50 மீட்டர் போதும்.

முன்னால் உள்ள இடைவெளியிலிருந்து இந்தத் தூரத்தைக் கழியுங்கள். வருவதைப் 'பாதுகாப்பு மிச்சம்' என்று அழைப்போம். பிரேக் போட்டபடி ரயில் 1 மீட்டர் நகர்ந்தால் இடைவெளி 1 மீட்டர் குறைகிறது. வேகமும் குறைவதால், நிற்கத் தேவையான தூரமும் அதே 1 மீட்டர் குறைகிறது. எனவே மிச்சம் மாறுவதில்லை. பிரேக் போடத் தொடங்கும்போது மிச்சம் பூஜ்யத்துக்குக் குறையாமல் இருந்தால், எந்த வேகத்தில் வந்தாலும் மோதல் இல்லை. கோடிக்கணக்கான சூழ்நிலைகளுக்கு இந்த ஒரே வாதம் போதும். இத்தகைய சூத்திரத்தை ஆய்வாளர்கள் 'தடுப்புச் சான்று' என்கிறார்கள்.

ஊகிப்பதும் மடக்குவதும்

ஆனால் நம் சூத்திரத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. கணினி அரை வினாடிக்கு ஒரு முறைதான் முடிவு எடுக்கிறது என்று கொள்வோம். வேகம் 20, இடைவெளி 201 மீட்டர். மிச்சம் 1 மீட்டர் இருப்பதால் கணினி பிரேக் போடவில்லை. அடுத்த முடிவுக்குள் ரயில் 10 மீட்டர் ஓடிவிடும். மிச்சம் கழித்தல் 9 ஆகிவிடும்.

சரி, அந்த 10 மீட்டரையும் சேர்த்து 210 மீட்டர் தேவை என்று திருத்துவோம். இப்போதும் மடக்கலாம். இடைவெளி 215 மீட்டர் இருக்கும்போது, அந்த அரை வினாடியில் ரயில் வேகமெடுத்துக்கொண்டிருந்தால்? பிரேக்கின் அதே வீதத்தில் வேகம் கூடினால் அது 20.5 ஆகும். அப்போது மொத்தம் 220.25 மீட்டர் தேவை. 5.25 மீட்டர் பற்றாக்குறை! ஆகவே சரியான சூத்திரம்: வேகத்தின் வர்க்கத்தில் பாதி, அதனுடன் வேகம், அதனுடன் 0.25. இந்த அனுமானங்களுக்குள் இதை யாராலும் மடக்க முடியாது.

நாம் செய்தது என்ன? ஒருவர் சூத்திரத்தை ஊகித்தார். இன்னொருவர் அது எங்கே தோற்கும் என்று தேடினார். கண்டுபிடித்த தவற்றைக் கொண்டு முதலாமவர் திருத்தினார். இயந்திரக் கற்றல் நுழையும் இடம் இதுதான். உண்மையான அமைப்புகளில் தடத்தின் சரிவு, ஈரம், பயணிகளின் எடை எனப் பல அளவுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மனிதர் ஊகிப்பது கடினம். எனவே நரம்பியல் வலையமைப்பு ஒன்று எடுத்துக்காட்டுகளைப் பார்த்து ஒரு சூத்திரத்தைக் கற்றுச் சொல்கிறது. இன்னொரு நிரல் கணித முறையில் அதைச் சோதிக்கிறது. தவறு கிடைத்தால் அதுவே வலையமைப்பின் அடுத்த பாடம். தவறே இல்லை என்று கணிதப்படி உறுதியானால் வேலை முடிந்தது.

சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் இதே முறையைப் பயன்படுத்தி, தலைகீழ் ஊசலை நிமிர்ந்து நிற்க வைக்கும் கட்டுப்பாட்டுக்குச் சான்று கண்டார்கள். உள்ளங்கையில் குச்சியை நிறுத்தி விளையாடியிருப்பீர்களே, அதுபோன்றதுதான் இந்த ஊசல். அவர்கள் தேடிய சான்றின் அடிப்படையை ரஷ்யக் கணிதவியலாளர் லியாபுனோவ் 1892இலேயே தந்துவிட்டார்.

இயந்திரக் கற்றல் தவறு செய்யுமே, அதை எப்படி நம்புவது என்று நீங்கள் கேட்கலாம். நம்பத் தேவையில்லை என்பதுதான் இந்த முறையின் சிறப்பு. 1681இன் காரணிகளைத் தேடிப் பிடிக்க நேரமாகும். ஆனால் "41 × 41" என்று யார் சொன்னாலும், பெருக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நாம் நம்புவது சொன்னவரை அல்ல, சரிபார்ப்பை.

நிரூபணம் எதைக் காக்காது?

2017 நவம்பர் 15ஆம் தேதி காலை, ஜூ கூன் நிலையத்தில் நின்ற ரயிலுக்கு ஏறத்தாழ 36 மீட்டர் பின்னால் இன்னொரு ரயில் வந்து நின்றது. சிறிது நேரத்தில் அது தானாக முன்னே நகர்ந்து மோதியது. 38 பேர் காயமடைந்தனர். முன்னால் நின்ற ரயிலைக் காக்க வேண்டிய மென்பொருள் அம்சம், வழியில் ஒரு சமிக்ஞைச் சுற்றைக் கடந்தபோது எதிர்பாராமல் நீங்கிப்போயிருந்தது. அதனால் பின்னால் வந்த ரயில் இடைவெளியைத் தவறாகக் கணித்தது.

நம் சூத்திரத்தை மீண்டும் பாருங்கள். இடைவெளி இவ்வளவு என்று யாரோ சரியாகச் சொல்ல வேண்டும். அந்த எண் பொய்யானால் சூத்திரம் உண்மையாக இருந்தும் பயனில்லை. ஒவ்வொரு நிரூபணமும் சில அனுமானங்களின் மேல் நிற்கிறது. அவை நடைமுறையில் உண்மையா என்று பார்ப்பதும் பொறியாளரின் பொறுப்பே. அதற்குச் சோதனை ஓட்டமும் பராமரிப்பும் எப்போதும் தேவை.

செய்து பாருங்கள்

நம் ரயிலின் வேகம் வினாடிக்கு 15 மீட்டர். முன்னால் இடைவெளி 125 மீட்டர். கணினி இந்தக் கணமே பிரேக் போட வேண்டுமா, அல்லது இன்னும் அரை வினாடி காத்திருக்கலாமா? சரியான சூத்திரத்தில் எண்களை இட்டு விடை காணுங்கள். பிறகு உங்கள் நண்பரிடம், மழையில் பிரேக்கின் பிடி பாதியாகக் குறைந்தால் இந்தச் சூத்திரம் எங்கே தோற்கும் என்று கேட்டுப் பாருங்கள்.