'செட்' படுத்தும் பாடு

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகள் கொண்ட சொல் 'செட்'. 1989ஆம் ஆண்டு வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு இச்சொல்லுக்குத்தான். 400க்கும் மேற்பட்ட பொருள்கள்! அஞ்ச வேண்டாம், நண்பர்களே. பக்கத்தில் எந்தச் சொல் வந்து அமர்கிறது என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

சூரியன் 'செட்' ஆனால் மறைகிறது. சிமெண்டு 'செட்' ஆனால் இறுகுகிறது. பயணம் புறப்படுவது 'செட் அவுட்'. ஆய்வுக்கூடத்தில் கருவிகளைப் பொருத்தி அமைப்பது 'செட் அப்'. மழைக்காலம் தொடங்கி நிலைத்துவிட்டால் 'செட் இன்'. 'செட் ஃப்ரீ' என்றால் விடுதலை செய்தல். ஒன்றின் மேல் உயிரையே வைத்து ஆசைப்படுவது 'செட் ஒன்ஸ் ஹார்ட் ஆன்'. எங்கள் வீட்டில் என் பட்டத்தின் மேல் எல்லோருக்கும் இருப்பது அதுதான்.

என்னைப் படுத்திய தொடர் 'செட் அசைட்'. உப்புப் பகுப்பாய்வுச் செய்முறையில் வடிநீரை 'செட் அசைட்' செய்யும்படி எழுதியிருந்தது. "ஒதுக்கிவிடு" என்று பொருள் கொண்டு தொட்டியில் கொட்டிவிட்டேன். அடுத்த தொகுதிகளைக் கண்டறிய அந்த வடிநீர்தான் வேண்டும்! மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். 'செட் அசைட்' என்றால் பிறகு பயன்படுத்தப் பத்திரமாக எடுத்து வைத்தல் என்று அன்று நெஞ்சில் எழுதிக்கொண்டேன்.

அந்தப் பாடமே பிறகு என்னைக் கவிழ்த்தது. எங்கள் வண்டிப்பாதை வழக்கில் கீழ்க்கோர்ட்டில் அப்பா தோற்றிருந்தார். மேல்முறையீட்டின் தீர்ப்பு நகல் விடுமுறையில் நான் ஊரில் இருந்தபோது வந்தது. வக்கீல் வெளியூர் போயிருந்தார். வீட்டில் ஆங்கிலம் படித்தவன் நான் ஒருவன்தான். கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு 'செட் அசைட்' செய்யப்படுகிறது என்று கடைசிப் பக்கத்தில் கண்டேன். "பழைய தீர்ப்பை அப்படியே வைத்துக்கொண்டார்கள் அப்பா" என்றேன். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வக்கீல் குமாஸ்தா நகலைப் படித்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, கோர்ட்டில் 'செட் அசைட்' என்றால் ரத்து. உங்கப்பா ஜெயிச்சிருக்கார்!"

வடிநீரை 'செட் அசைட்' செய்தால் காப்பாற்றுகிறோம்; தீர்ப்பை 'செட் அசைட்' செய்தால் இல்லாமலாக்குகிறோம். பணத்தையும் நேரத்தையும் 'செட் அசைட்' செய்வது வடிநீர்க் கணக்கில் சேரும். 'செட்'டின் பக்கத்தில் 'அசைட்' இருப்பதை மட்டும் பார்த்தேன். எதை 'செட் அசைட்' செய்கிறார்கள் என்று பார்க்க மறந்தேன்.

திரும்பும் வழியில் அப்பாவுக்கு இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம பம்பு செட்டுக்கு என்னடா அர்த்தம்?" என்றார்.

மோட்டாரும் பம்பும் சேர்ந்து ஒரு தொகுப்பாக இருப்பதால் 'செட்' என்றேன். இந்த முறை வீட்டுக்கு வந்ததும் அகராதியையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.