சுத்தம் செய்யும் சாஃப்ட்வேரும் நம் கணக்கும்



கூட்டமைப்பு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாக ஓடினால் போதும், "சிசிகிளீனர் போட்டு ஒரு தடவை கிளீன் பண்ணுங்கக்கா, சரியாயிடும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இது இங்கிலாந்தில் பிரிஃபார்ம் நிறுவனம் உருவாக்கிய சாஃப்ட்வேர். 2017-ல் அவாஸ்ட் நிறுவனம் இதை வாங்கிவிட்டது. தேவையில்லாத தற்காலிக ஃபைல்களையும், இன்டர்நெட்டில் நாம் எங்கெங்கே போனோம் என்ற தடயங்களையும் துடைப்பதுதான் இதன் வேலை.

போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது பழைய பாயோடு பட்டா காகிதமும் போய்விட்டால் என்ன ஆகும்? இங்கேயும் அதே கதைதான். எதை எடுப்பது, எதை விடுவது என்பதைச் சின்னச் சின்னக் கட்டங்களில் போடும் டிக் குறிதான் முடிவு செய்கிறது. அலுவலகக் கம்ப்யூட்டரில் கணக்காளர் உட்காருகிறார், ஊக்குநர் உட்காருகிறார், லீவுக்கு வந்த பிள்ளைகளும் உட்காருகிறார்கள். ஆளுக்கு ஒரு டிக் போட்டுவிட்டுப் போனால், எது முதலில் இருந்தது, எது பிறகு வந்தது என்று யாருக்குமே தெரியாது. அப்போது செய்ய வேண்டியது, சாஃப்ட்வேரை வாங்கிய நாளில் இருந்த நிலைக்குத் திருப்புவது. இதற்குப் பெயர் டீஃபால்ட் செட்டிங்ஸ்.

சிசிகிளீனரைத் திறந்து 'ஆப்ஷன்ஸ்' போங்கள். அதில் 'அட்வான்ஸ்டு'. அங்கே 'ரீஸ்டோர் டீஃபால்ட் செட்டிங்ஸ்' என்று ஒரு பட்டன் இருக்கும். (பதிப்புக்குப் பதிப்பு இடம் கொஞ்சம் மாறும், பதற வேண்டாம்.) அதை அழுத்தும் முன், அழிக்கக் கூடாது என்று நீங்கள் சேர்த்து வைத்த குக்கீ பட்டியலோ, ஃபோல்டர் பட்டியலோ இருந்தால் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மறுபடி சேர்க்க வேண்டி வரலாம்.

ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். இந்தப் பட்டன் டிக் குறிகளைத்தான் திருப்பும். அழிந்த ஃபைலையோ, போன பாஸ்வேர்டையோ திருப்பித் தராது. அதனால் வங்கிக் கடன் விவரமும் சேமிப்புப் பட்டியலும் பென்டிரைவில் ஒரு நகல் இருந்தே ஆக வேண்டும்.

டீஃபால்ட் ஆக்கிவிட்டோம், இனி கவலையில்லை என்றும் இருந்துவிடக் கூடாது. பல பதிப்புகளில் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யும் கட்டமும், குக்கீ அழிக்கும் கட்டமும் டீஃபால்ட்டிலேயே டிக் ஆகித்தான் இருக்கும். "நேத்து அழிச்சதை நாளைக்கு எடுத்துக்கலாம்"னு ரீசைக்கிள் பின்னில் வைத்திருப்பவர்கள் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். குக்கீ போனால் நாம் நுழைந்திருந்த இணையதளங்களில் மறுபடி பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும், அவ்வளவுதான். 'சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்' கட்டம் டிக் இல்லாமல் இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள்.

அடுத்தது நம் ரகசியம். நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்ற தகவலை நிறுவனத்துக்கு அனுப்பும் வசதி இதில் உண்டு. 2018-ல் வந்த 5.45 பதிப்பில் இதைச் சரியாக நிறுத்த முடியவில்லை என்று பலரும் எதிர்த்தார்கள். நிறுவனம் அந்தப் பதிப்பையே திரும்பப் பெற்றது. நீங்கள் முன்பு எடுத்துவிட்ட இந்த டிக், டீஃபால்ட் ஆக்கும்போது திரும்ப வந்திருக்கலாம். 'பிரைவசி' பகுதியில் போய்ப் பாருங்கள். தானாகவே சுத்தம் செய்யும் வசதியையும் அப்படியே பாருங்கள். அலுவலகக் கம்ப்யூட்டரில் நம்மைக் கேட்காமல் எதுவும் அழியக் கூடாது என்பது எங்கள் கருத்து.

'ரெஜிஸ்ட்ரி' பக்கம் போகவே வேண்டாம். அதனால் வேகம் கூடும் என்பதை நாங்கள் நம்பவில்லை. போய்த்தான் ஆக வேண்டும் என்றால், பேக்கப் எடுக்கவா என்று கேட்கும்போது 'எஸ்' கொடுங்கள்.

'வைப் ஃப்ரீ ஸ்பேஸ்' என்ற கட்டத்தில் யாராவது டிக் போட்டிருந்தால், சுத்தம் செய்வது மணிக்கணக்கில் இழுக்கும். கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் அந்த டிக்கைப் பாருங்கள்.