சாரல் பக்கத்துக்கு ஒன்று, காற்றுப் பக்கத்துக்கு ஒன்று

தென்காசி வட்டாரத்தில் கோடைத் தோட்டத்துக்குச் செடி வாங்குமுன், வீடு மலையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பங்குனி முதல் வைகாசி வரை வெயில் எல்லா ஊருக்கும் பொது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் வழி பிரிகிறது. குற்றாலம், இலஞ்சி, மேலகரம், செங்கோட்டைப் பகுதிகளில் சாரல் விழுந்து கோடை முடிந்துவிடும். கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் பக்கம் அதே பருவம் பெரும்பாலும் காற்றாகவே வந்து சேர்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே பாயும் அந்தக் காற்றுக்காகவே அங்கே காற்றாலைகள் நிற்கின்றன. செடிகளுக்கு அங்கே செப்டம்பர் வரை கோடைதான். ஒரே பண்ணையில் வாங்கிய செடி ஒரு வீட்டில் அழுகுவதற்கும் இன்னொரு வீட்டில் காய்வதற்கும் இதுவே காரணம்.

புல் வகைகளில் இரு பக்கத்துக்கும் பொருந்துவது வெட்டிவேர். அதன் வேர் பக்கவாட்டில் படராமல் நேராகக் கீழே இறங்கும். நல்ல மண்ணில் 3 மீட்டர் வரை போகும். வேர் பிடித்துவிட்டால் வறட்சியையும் தாங்கும், சில நாள் தேங்கும் நீரையும் தாங்கும். தென்னிந்தியாவில் பயிராகும் வகை முளைக்கும் விதை வைப்பதில்லை என்பதால் தூர் பிரித்துத்தான் நட வேண்டும். நட்ட இடத்தைவிட்டு அது ஓடாது. தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் நெருக்கமாக ஒரு வரிசை வைத்தால் மென்மையான செடிகளுக்குக் காற்றுத் தடுப்பாகவும் நிற்கும். நிழலில் மட்டும் வைக்கக் கூடாது.

எலுமிச்சைப்புல் அழகில் குறைந்ததல்ல. வளைந்து சரியும் அதன் தோகை வெட்டிவேரின் விறைப்பைவிடக் கண்ணுக்கு இதமானது, தேநீருக்கும் உதவும். ஆனால் வடிகால் இல்லாத சாரல் மண்ணில் தூர் அழுகும். கிழக்கே வாரம் ஓரிரு முறை தண்ணீர் விட முடிந்தால் அதையே தேரலாம்.

பண்ணைகளில் ஃபவுண்டன் கிராஸ் என்று விற்கும் புல்லில் கவனம் தேவை. பச்சை இலை வகையின் விதைகள் காற்றில் பறந்து பரவும். ஹவாய்த் தீவுகளில் அது பெரிய களையாகிக் காட்டுத்தீக்கும் தீனியாகிறது. இத்தனை காற்றும் பக்கத்திலேயே மலைக்காடும் உள்ள வட்டாரத்தில் அதைத் தவிர்ப்பதே பொறுப்பு. தோட்ட அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி இன்று காடுகளை எப்படி அடைத்து நிற்கிறது என்பதைப் பார்த்தால் போதும். செவ்வூதா இலை வகை பெரும்பாலும் முளைக்கும் விதை வைப்பதில்லை. ஆசைப்படுவோர் அதை வைக்கலாம்.

பூக்கும் பல்லாண்டுச் செடிகளில் கல்வாழை முழுக்கச் சாரல் பக்கத்துக்கு உரியது. ஈரம் எவ்வளவு இருந்தாலும் கிழங்கு செழிக்கும். கிழக்குப் பக்கத்தில் வீசும் காற்றிலோ இலை நார் நாராகக் கிழியும். நித்தியகல்யாணி இதற்கு நேர் எதிர்: சுரண்டை வெயிலில் ஆண்டு முழுவதும் பூக்கும், தொடர் ஈரத்தில் தண்டு அழுகும். இட்லிப் பூவுக்கு மண்ணே தீர்ப்பு. சுண்ணாம்பு கலந்த மண்ணிலும் உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரிலும் வேர் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இலை மஞ்சளாகும். அங்கே அரளி மேல். அரளி முழுதும் நச்சு, ஆடு மாடு வளர்க்கும் வீட்டில் வேலியோரம் வைக்கக் கூடாது.

தென்னை, மா நிழலுக்குக் கனகாம்பரம் எடுப்பான தேர்வு. அதன் அடியில் புல் போன்ற விளிம்பு வேண்டுமென்றால் மாண்டோ கிராஸ் வைக்கலாம். கிழக்கு வெயிலில் அது கருகும்.

செங்காந்தளைக் கோடைப் பூவாக எண்ணி வாங்கக் கூடாது. சித்திரையில் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். மழை கண்டபின்தான் முளைக்கும். கிழங்கு கடும் நச்சு என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாத இடம் வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் சித்திரை வெயிலில் நடக் கூடாது. மேற்கே முதல் சாரலோடு ஆனியில் நடலாம். கிழக்கே ஐப்பசி மழைக்குக் காத்திருந்து நட்டால், பங்குனிக்குள் வேர் ஆழம் போய்விடும். முதல் கோடையில் மட்டும் தூரைச் சுற்றித் தேங்காய் நார்க்கழிவோ காய்ந்த இலையோ மூன்று விரல் கனத்துக்குப் பரப்பி, தண்டை ஒட்டாமல் சற்று இடம் விட வேண்டும்.